"ட்யூப்பே இல்லேன்னா நான் எதைடா ஒட்டுறது?" - போடி சைக்கிள் கடை மாமாவும் ட்யூப்லெஸ் டயரும்

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. போடிநாயக்கனூரில் அந்தச் சின்ன சைக்கிள் கடை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப். பின்பக்கம் ஒரு கியர் சைக்கிள் கிடந்தது. முன் சீட்டிலிருந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஓர் இளைஞன் இறங்கினான். கடைக்காரருக்கு அவன் அக்கா மகன்.

"என்ன மாப்ள, எங்கிட்டு விழுந்த?"

"கொண்டை ஊசி வளைவுல மாமா. முன் டயரு திடீர்னு இழுத்துருச்சு."

எலும்புக்கு ஒன்றுமில்லை, தோல்தான் உரிந்திருக்கிறது என்று தெரிந்ததும் மாமாவின் கை தானாக முன் சக்கரத்துக்குப் போனது. கட்டை விரலால் அமுக்கினார். காற்று பாதிகூட இல்லை.

"ட்யூப்ப உருவு. எங்க ஓட்டைன்னு பார்ப்போம்."

"இதுல ட்யூப்பே கிடையாது மாமா. ட்யூப்லெஸ்."

நாற்பது வருடமாக பஞ்சர் ஒட்டுகிற மனிதர் அவர். ஒரு கையில் லிவர், இன்னொரு கையில் சொல்யூஷன் டப்பா. இரண்டையும் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "ட்யூப்பே இல்லேன்னா நான் எதைடா ஒட்டுறது?"

மருமகனுக்கு வேலை பெங்களூரு கம்பெனியில், உட்கார்ந்து பார்ப்பது போடி வீட்டு மாடியில். டிசம்பரில் இந்த சைக்கிளை வாங்கினான். பெரிய ஊர்க் கடை ஒன்றில் ட்யூப்லெஸ்ஸாக மாற்றிக் கொடுத்து, "இனி பஞ்சரே ஆகாது சார்" என்று சொல்லி அனுப்பினார்கள். அவனும் நம்பினான். ஞாயிறுதோறும் விடியுமுன் கிளம்பிவிடுவான். போடியிலிருந்து முந்தல் வரை சமதளம். அதன் பிறகு மலை. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிற போடிமெட்டு. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். மேலே ஒரு டீ, கொஞ்சம் பனி, ஏலக்காய்ச் செடி வாசம். பிறகு ஒரே இறக்கம்.

விழுந்த அன்று மாலையே அவன் அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டார். "இனிமே அந்த மலைப்பக்கம் சைக்கிளத் திருப்பக் கூடாது." மகன் கெஞ்சினான், கோபப்பட்டான், சாப்பிடாமல் மாடிக்குப் போனான். ரெண்டு நாள் கழித்து அந்த அம்மா தம்பியின் கடைக்கே வந்தார்.

"தம்பி, நீ அந்தச் சக்கரத்த முழுசா பாரு. சரியா இருக்குன்னு நீ சொன்னா விடுறேன். நீ வேணாம்னா வேணாம். உன் வாயால சொல்லு, போதும்."

அக்கா சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தம்பிக்குத்தான் தூக்கம் போனது. இத்தனை வருடத்தில் எத்தனையோ சைக்கிளை "நல்லாருக்கு, கொண்டு போ" என்று அனுப்பியவர். ஆனால் தனக்குத் தெரியாத ஒன்றுக்கு ஒருநாளும் வாக்குக் கொடுத்ததில்லை.

ட்யூப்லெஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பைக்தான். மாமாவும் அங்கிருந்தே தொடங்கினார். அலாய் வீல் பைக்கில் ரிம் ஒரே வார்ப்பு, எங்கும் ஓட்டை கிடையாது. டயரும் கனம், உள்பக்கம் காற்று கசியாத ரப்பர்ப் பூச்சு உண்டு. அதனால் ட்யூப் தேவைப்படுவதில்லை. ஸ்போக் போட்ட சாதாரண பைக் சக்கரத்தில் ஒவ்வொரு ஸ்போக்குக்கும் ரிம்மில் ஒரு ஓட்டை. அதனால் அதற்குள் இன்றும் ட்யூப். சைக்கிளும் ஸ்போக் சக்கரம்தானே? அப்படியானால் காற்றை எது பிடித்து வைக்கிறது?

டயரைக் கழற்றினார். விடை உள்ளே இருந்தது. ரிம்மின் நடுக்குழியில், எல்லா ஸ்போக் ஓட்டைகளையும் மூடி, சுற்றிலும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டேப் ஒட்டியிருந்தது. வால்வுக்கு அடியில் கூம்பு போல ஒரு ரப்பர் அடைப்பு. டயரின் விளிம்பு ரிம்மின் இரு ஓரத்திலும் உள்ள படியில் ஏறி இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். டேப், வால்வு, விளிம்பு மூன்றும் சேர்ந்துதான் ட்யூப்பின் வேலையைச் செய்கின்றன. சைக்கிள் டயர் பைக் டயர் மாதிரி கனமில்லை. அதன் பக்கச் சுவரிலேயே மெலிதாகக் காற்று கசியும், சின்ன முள்ளே துளைத்துவிடும். அதை அடைக்கத்தான் உள்ளே சீலன்ட் என்று ஒரு திரவம் ஊற்றுகிறார்கள்.

அந்தத் திரவம் எங்கே? டயருக்குள் விரலை விட்டுத் துழாவினார் மாமா. ஈரமே இல்லை. காய்ந்த பாலாடை போல ஒரு படலம் உரிந்து வந்தது. கூடவே நாலைந்து ரப்பர் உருண்டைகள். ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"டே மாப்ள, இது ரப்பர் பாலுடா."

சின்ன வயதில் இரண்டு வருடம் கேரளத்துக்குப் போய் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர் அவர். அந்த வாடையை மறக்க முடியுமா? சீலன்ட்டில் பலவகை உண்டு. பரவலாக விற்பது ரப்பர் பாலை அடிப்படையாகக் கொண்டதுதான். உறையாமல் இருக்க அம்மோனியா கலப்பார்கள். டயரில் முள் குத்தி ஓட்டை விழுந்தால், காற்றோடு சேர்ந்து பால் அந்த வழியே பாய்கிறது. வெளிக்காற்று பட்டு, ஓட்டையின் விளிம்பில் உறைந்து அடைத்துக்கொள்கிறது. மரத்தில் வெட்டுப்பட்ட இடத்தைக் கடைசியில் பாலே உறைந்து மூடுமே, அதே வேலை.

மாமாவுக்கு அந்த நிமிடத்தில் பாதி புரிந்துவிட்டது. "பாலு பாலா இருக்குற வரைக்கும்தான் மாப்ள அதுக்கு வேலை. ஒறைஞ்சு போச்சுன்னா வெறும் ஷீட்டு. இத எப்ப ஊத்துனாங்க?"

"வாங்குனப்போ. டிசம்பர்ல."

"இப்ப மே மாசம். அஞ்சு மாசம், அதுவும் இந்த வெயில்ல. ஒருக்காகூடத் திறந்து பாக்கலியா?"

பார்க்கவில்லை. பஞ்சரே ஆகாது என்று சொல்லியிருந்தார்களே!

விழுந்த கதையும் இப்போது தெளிவானது. டயரில் ஒரு நெருஞ்சி முள் இருந்தது. நெருஞ்சியை ஆங்கிலத்தில் பஞ்சர் கொடி என்ற அர்த்தத்தில்தான் அழைக்கிறார்கள். உலகம் முழுக்க சைக்கிள்காரர்களுக்கு அது பொது எதிரி. முந்தலுக்கு முன்பே எங்கோ சாலையோரத்தில் குத்தியிருக்கிறது. பால் இருந்திருந்தால் நாலு சுற்றில் அடைத்திருக்கும். இல்லாததால் மெல்ல மெல்லக் காற்று இறங்கியிருக்கிறது. ஏறும்போது உடம்பின் கனம் முழுக்கப் பின் சக்கரத்தில் இருக்கும், வேகமும் குறைவு. முன் சக்கரம் தளர்வதே தெரியாது. இறங்கும்போது பிரேக் பிடித்ததும் மொத்த கனமும் முன்னால் வருகிறது. வளைவில் சைக்கிளைச் சாய்த்திருக்கிறான். காற்றில்லாத டயர் ஒரு பக்கமாக நெளிந்து, விளிம்பு படியிலிருந்து நழுவி, மிச்சமிருந்த காற்றும் பொசுக்கென்று போயிருக்கிறது. நல்லவேளை, மலைச்சுவர்ப் பக்கமாக விழுந்தான். இதை அக்காவிடம் இருவருமே சொல்லவில்லை.

இடையில் ஒரு சங்கதி. ட்யூப் இல்லாத சைக்கிள் டயர் ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. காற்றடைத்த டயருக்கு 1845-லேயே ராபர்ட் தாம்சன் காப்புரிமை வாங்கினார், ஆனால் அது எடுபடவில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக மறுபடி அதைச் செய்தார். அது ரிம்மோடு ஒட்டிய டயர். பஞ்சர் ஆனால் அரைநாள் வேலை. 1891-ல் மிஷ்லின் சகோதரர்கள் கழற்றி மாட்டுகிற டயரைக் கொண்டுவந்த பிறகுதான் பஞ்சர் கடை என்ற தொழிலே சாத்தியமானது. மலை சைக்கிளுக்கான ட்யூப்லெஸ் முறையை மாவிக், மிஷ்லின், ஹட்சின்சன் என்ற பிரெஞ்சு நிறுவனங்கள் 1999-ல் கொண்டுவந்தன. கால் நூற்றாண்டு கழித்து அது போடிக் கடையின் தண்ணீர்த் தொட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மாமாவின் முதல் முயற்சி படுதோல்வி. பழைய டேப்பை உரித்தவர், கையில் இருந்த துணி ரிம் டேப்பைச் சுற்றினார். டயரை மாட்டி கைப்பம்பால் அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். காற்று உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. தொட்டியில் முக்கினால் ஒவ்வொரு ஸ்போக் நிப்பிளிலிருந்தும் சரம் சரமாகக் குமிழி. வழக்கமாக ஒரு குமிழியைத் தேடிக் கண்டுபிடிக்கிற மனிதருக்கு, முப்பத்திரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் குமிழி வந்தால் எப்படி இருக்கும்! "இது தீபாவளிடா" என்று சிரித்தார். அன்று இரவு சிரிப்பு வரவில்லை என்று அத்தை சொல்கிறார்.

சரியான டேப்பை மருமகன் ஆன்லைனில் வரவழைத்தான். ரிம்மின் உள் அகலம் 25 மில்லிமீட்டர், டேப் 28. இரு ஓரமும் மேலேறி ஒட்டுவதற்காக அந்த மூன்று மில்லிமீட்டர் கூடுதல். இந்த முறை மாமா அவசரப்படவில்லை. ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்தார். விரல் ரேகை எண்ணெய் பட்டால்கூட டேப் ஒட்டாது என்பது சொல்யூஷன் போடுகிற கைக்குத் தெரியாதா? நன்றாக இழுத்துப் பிடித்து, சுருக்கம் விழாமல் சுற்றி, தொடங்கிய இடத்தைத் தாண்டி ஒரு சாண் அளவு மேலே ஒட்டி முடித்தார். ஒவ்வொரு ஸ்போக் ஓட்டையின் மேலும் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். வால்வுக்கு டேப்பைக் கத்தியால் கிழிக்காமல், குத்தூசியால் ஒரு சின்ன ஓட்டை. கிழித்தால் அந்தக் கிழிசல் நீளும்.

வால்வு நட்டைக் கையால் மட்டும் முறுக்கச் சொன்னார். பிளையர் போட்டு இறுக்கினால், நடுமலையில் அவசரத்துக்கு ட்யூப் போட வேண்டி வந்தால் வெறும் கையால் கழற்ற முடியாது. டயரை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, வால்வு அருகில் முடித்தார். வால்வின் அடிப்பாகம் நடுக்குழியை அடைத்துக்கொண்டிருக்கும். மற்ற இடங்களில் விளிம்பைக் குழிக்குள் தள்ளிவிட்டால் கடைசியில் தளர்வு கிடைக்கும். லிவரே தேவைப்படவில்லை.

இப்போதும் கைப்பம்பு ஜெயிக்காது என்று புரிந்திருந்ததால், பக்கத்துத் தெரு டூவீலர் டயர் கடைக்குச் சக்கரத்தைத் தூக்கிப்போனார்கள். அங்கே கம்ப்ரசர் உண்டு. ஆனால் அதன் வாய் பைக் வால்வுக்கானது. கியர் சைக்கிளின் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குப் பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் திருக வேண்டும். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, காற்றை விட்டதும் "டப்... டப்" என்று இரண்டு சத்தம். இரு விளிம்பும் படியில் ஏறி உட்கார்ந்துவிட்டன. அந்தச் சத்தம்தான் சம்மதம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கிற உச்ச அளவை ஒருபோதும் தாண்டக் கூடாது, ரிம்முக்கு அதைவிடக் குறைவான அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு, முகத்தைக் கிட்டே வைக்கவும் கூடாது. இவை டூவீலர் கடைக்காரர் சொன்னவை.

அதே கடைக்காரர், "முள்ளு ஓட்டையில பைக்குக்குச் சொருகுற குச்சி ஒண்ணு போட்டு விடவாண்ணே?" என்றும் கேட்டார். மாமா மறுத்துவிட்டார். பைக் குச்சி தடிமன். அதைச் சொருக ஓட்டையை அரம் போட்டுப் பெரிதாக்க வேண்டும். சைக்கிள் டயரின் மெல்லிய உடம்பு அதைத் தாங்காது. சைக்கிளுக்கென்று மெல்லிய குச்சி தனியாக வருகிறது, அதுவும் பால் அடைக்காத பெரிய கிழிசலுக்குத்தான்.

காற்றை இறக்கி, வால்வின் உள்ளூசியைக் கழற்றி, சிரிஞ்சால் 100 மில்லி பால். பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றவேண்டும், சத்தெல்லாம் அடியில் தங்கியிருக்கும். மறுபடி காற்று. பிறகு சக்கரத்தை இரு கையிலும் பிடித்து, பிள்ளையைத் தாலாட்டுவது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார். பழைய முள் ஓட்டையில் ஒரு வெள்ளைத் துளி நுரைத்து வந்து, நின்றது. அதை மாமா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றே அக்காவிடம் "சரி" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏழு நாள் கேட்டார். தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலை அந்த இரண்டு சக்கரத்திலும் அளவுமானி வைத்துப் பார்ப்பது. 26-ல் தொடங்கியது, மறுநாள் 23. மறுபடி ஏற்றினார். அடுத்த நாள் 25. ஐந்தாம் நாளிலிருந்து அசையவில்லை. ட்யூப் போட்டிருந்தால் இதே டயருக்கு 35 வரை வைத்திருப்பான் மருமகன். குறைவாக வைத்தால் பள்ளத்தில் ரிம் இடித்து ட்யூப்பில் பக்கத்துப் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். ட்யூப் இல்லாததால் அந்தப் பயம் இல்லை, குறைந்த காற்றில் டயர் சாலையை நன்றாகப் பிடிக்கும். மழைக்காலத்து மலைப்பாதையில் அது பெரிய விஷயம். அதற்காகக் காற்றைக் குறைத்துக்கொண்டே போனால் மே மாதக் கதைதான்.

அந்த ஏழு நாளில் மாமா மருமகனுக்குச் சில பழக்கங்களைப் பிடித்துக் கொடுத்தார். கிளம்புமுன் இரு டயரையும் அமுக்கிப் பார்ப்பது. மேலே போடிமெட்டில் டீக்கு முன் இன்னொரு முறை, குறிப்பாக முன் டயர். வாரம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே சளக் சளக் என்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் வால்வு ஊசியைக் கழற்றி மெல்லிய கம்பியை விட்டு ஈரம் பார்ப்பது. காற்று ஏற மறுத்தால் வால்வில் பால் உறைந்திருக்கும், ஊசியைத் துடைக்கவேண்டும் அல்லது மாற்றவேண்டும். பையில் எப்போதும் ஒரு ட்யூப், ஒரு பம்பு, இரண்டு லிவர். ட்யூப்லெஸ்காரனுக்கு எதற்கு ட்யூப் என்று கேட்டவனுக்கு, "குடை வச்சிருக்கவன் வீட்டுல கூரை இல்லையா?" என்று பதில் வந்தது.

மருமகன் ஒரு கார்பன் டை ஆக்சைடு குப்பியும் வாங்கி வைத்திருந்தான். திருகினால் நொடியில் டயர் நிரம்பும். மாமா அது என்னவென்று கேட்டுவிட்டு யோசித்தார். "சோடாவுல அடைக்கிற கேஸா? அது தண்ணியில கலந்தா புளிப்பாகும்ல. ரப்பர் பால ஷீட்டாக்க நாங்க ஆசிட்தான் ஊத்துவோம்." மருமகன் சீலன்ட் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தான். கார்பன் டை ஆக்சைடு வேண்டாம் என்றுதான் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

கடைக்கு வந்த பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி இதையெல்லாம் பார்த்துவிட்டு, "எனக்கும் இது மாட்டுங்க தாத்தா" என்று கேட்டாள். அரசு கொடுத்த சைக்கிள். மாமா வேண்டாம் என்றார். அந்த ரிம்மில் விளிம்பு உட்காரும் படியே கிடையாது, அதற்குத் தோதான டயரும் இல்லை. "உனக்கு மாசம் ரெண்டு பஞ்சர் ஏன் வருது தெரியுமா? ட்யூப்ப ஒட்டிட்டு, குத்துன முள்ள டயருக்குள்ளயே விட்டுர்றாங்க." துணியை டயரின் உள்பக்கம் சுற்றிலும் ஓட்டிக் காட்டினார். ஓரிடத்தில் சிக்கியது. அரை அங்குல கருவேல முள். வீட்டில் சைக்கிள் இருக்கிறவர்கள் இந்த ஒன்றையாவது இன்றே செய்து பார்க்கலாம்.

எட்டாம் நாள் அக்கா வந்தார்.

"என்ன தம்பி சொல்ற?"

"முன்னாடி விழுந்தது சைக்கிள் குத்தம் இல்லக்கா. கவனிக்காத குத்தம். இப்ப போகலாம். ஆனா ஆவணி கடைசியில என்கிட்ட கொண்டு வரணும். அன்னிக்குக் கொண்டு வரலேன்னா நானே பூட்டிருவேன்."

ஜூன் கடைசி ஞாயிறு. மலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்திருந்தது. கீழே போடியில் வெறும் காற்று, மேலே மேகம் மூடிக் கிடந்தது. கடைக்கு ஞாயிறு விடுமுறை. ஆனால் மாமா ஆறு மணிக்கே வந்து பாதிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டேகாலுக்கு போன். "மாமா, மேல வந்துட்டேன். அமுக்கிப் பாத்துட்டேன், கல்லு மாதிரி இருக்கு." "சரி. எறங்குறப்ப மெதுவா எறங்கு. ரோடு ஈரம்." அதற்கு மேல் பேசவில்லை. உடனே அக்காவுக்குப் போட்டார்.

பத்து மணிக்கு மருமகன் சேறு தெறித்த சட்டையோடு கடை வாசலில் வந்து இறங்கினான். மாமா அவன் முகத்தைப் பார்க்குமுன் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். பழைய ஓட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி, டயரில் ஒரு முள் குத்தி நின்றது. அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம், காய்ந்து போய். எப்போது குத்தியது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பிளையரால் முள்ளைப் பிடுங்கினார். 'உஸ்ஸ்' என்றது. ஓட்டை கீழே வருமாறு சக்கரத்தைத் திருப்பி நிறுத்தினார். உள்ளிருக்கும் பால் அங்கே வந்து தேங்கவேண்டும். வெள்ளை நுரை ஒருமுறை குமிழியிட்டது. இரண்டாவது குமிழி சின்னதாக வந்தது. மூன்றாவது வரவில்லை.

மாமா எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் புரட்டினார். ஆவணியின் கடைசி ஞாயிறு எந்தத் தேதி என்று பார்த்து, பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் 'பால்' என்று எழுதினார்.

"கடைக்குப் பால் கணக்கா மாமா?" என்று கேட்டான் டீ கொண்டுவந்த பையன்.